அரபி தெரிந்த பெண்

எனக்குப் பத்து வயதில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு, ராயபுரத்திலேயே அரபி பேசத் தெரிந்த ஒரே பெண்ணாக நான் இருந்தேன். அந்தப் பட்டத்தை நானாகக் கேட்டு வாங்கவில்லை. தெரு கொடுத்தது. ஆனால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எழுபது வயதுக்குமேல் அதை எழுத உட்கார்ந்தால், கை இன்னும் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டைக்குப் போகிற வழியில், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கடைசியில் எங்கே வெளியே வரும் என்று போஸ்ட்மேனுக்கே சந்தேகம் வரக்கூடிய சந்துகளில் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். அவருக்குத் தோல் வியாபாரம். மாதத்தில் பாதி நாள் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் வாங்கப் போய்விடுவார். அவர் இல்லாதபோது வீட்டில் சின்னத்தா வைத்ததுதான் சட்டம். அத்தாவின் தம்பி. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். தவறவில்லை என்பது நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும் அவருக்கு. மற்றபடி நல்ல மனுஷர். எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை.

அம்மா வெளியே போக வேண்டுமென்றால் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் வீட்டு ஆம்பளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எனக்கு அந்தக் கட்டு இன்னும் வரவில்லை. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அதற்குப் பிறகு நானும் உள்ளேதான். அதனால் வெளி வேலை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் விரட்டுவார்கள். நானும் ஒரு வேலைக்குப் போய் ஒன்பது தெரு சுற்றிவிட்டு வருவேன்.

என் தம்பிக்கு மூன்று வயது. புதன்கிழமை காய்ச்சல் என்று படுத்தான். வியாழக்கிழமை எதையும் விழுங்கவில்லை. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவன் மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே போனால் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். சின்னத்தா, அண்ணன் நாளைக்கு வந்துவிடுவார், வந்ததும் பார்க்கலாம் என்றார். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் தண்ணீர் ஓதி வாங்கிவர என்னைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். தொழுகை விடும் நேரத்தில் வாசலில் பெண்கள் இரண்டு வரிசையாகத் தண்ணீர் டம்ளரோடு நிற்பார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குப்பத்திலிருந்து மீன்காரப் பெண்களும் வந்து நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு தரம் ஓதி, டம்ளரில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். அம்மா பித்தளை டம்ளரை என் கையில் கொடுத்து, சீக்கிரம் வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குப் போல ஒரு புழுக்கத்தை நான் பார்த்ததில்லை. கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் ஒரு இலை அசையவில்லை. தோல் கிடங்கின் நாற்றம், கருவாட்டு நாற்றம், ரயில் யார்டின் கரிப்புகை எல்லாம் சேர்ந்து நகராமல் அப்படியே தெருவில் உட்கார்ந்திருந்தன. வரிசையில் நின்ற எல்லோருக்கும் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. என் டம்ளரில் நாலைந்து பேர் ஊதியாகிவிட்டது.

அப்போதுதான் அவர் வெளியே வந்தார். நல்ல உயரம். செம்மண் நிறம். நீல நிறத்தில் தொளதொளவென்று ஒரு சட்டை, தலையில் குல்லா. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தீப்பட்ட தழும்பு. படி இறங்கி வந்தவர் நேரே என் முன்னால் நின்றார். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே டம்ளரைக் கையில் வாங்கி, ஒரு மூச்சில் முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டு, அரபியில் என்னவோ வாழ்த்திவிட்டுக் காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

தாகத்துக்காக ஊரார் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். எந்த ஊராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். ஆனால் பின்னாலேயே வந்த சின்னத்தாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. அரபி பேசுகிறவர், தம்பியின் தண்ணீரைத் தானே வாங்கிக் குடித்துவிட்டார் என்றால், நோயைத் தானே வாங்கிக்கொண்டார் என்றுதான் அர்த்தம் என்று அங்கேயே இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதர் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவர். அது சின்னத்தாவுக்கு நன்றாகவே தெரியும், அன்று காலையில் அவரைப் பள்ளிவாசலுக்கு வழி காட்டி அழைத்து வந்ததே சின்னத்தாதான். ஆனாலும் அப்போதிலிருந்து, மார்க்கம் படித்த பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, அவரை அஜ்ரத் என்று கூப்பிட ஆரம்பித்தார். எந்த ஊர் என்று கையை ஆட்டிக் கேட்டதற்கு அவர் நெஞ்சைத் தொட்டு, தஞ்சா, தஞ்சா என்றார். நாகூருக்குத்தான் போகிறார், வழியில் தஞ்சாவூரைக் கேட்கிறார் என்று கூட்டத்தில் ஒருவர் விளக்கம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

அஜ்ரத்தை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பையனுக்கு நேரிலேயே ஓதச் சொல்வது, நெய்ச்சோறு போட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று. அதற்கு வீட்டில் ஏற்பாடு நடக்க வேண்டும். கறி வாங்க வேண்டும். சின்னத்தா முன்னால் ஓடினார். ஓடுவதற்கு முன்னால் என்னிடம், “மெதுவா சுத்திக் கூட்டினு வா. அவுசரமில்ல. ஓதத் தெரிஞ்ச பொண்ணுதானே, ரெண்டு சூரா ஓதிக் காட்டு. சாயந்தரம் அவர வுடப் போறப்ப உன்னியும் ஆர்பருக்குள்ள கூட்டினு போறேன், கப்பல் பாக்கலாம்” என்றார். நான் பிறந்ததிலிருந்து துறைமுகச் சுவருக்கு வெளியிலிருந்து கப்பலின் புகையை மட்டும் பார்த்தவள். அம்மா சீக்கிரம் வரச் சொன்னது அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

எனக்கு ஓதத் தெரியும் என்பது உண்மைதான். தெருக்கோடியில் ஓதுகிற பள்ளியில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். அரபி எழுத்தைக் கூட்டித் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன், குர்ஆனில் பத்துப் பன்னிரண்டு சூரா மனப்பாடம். ஒரே ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. எனக்கு மட்டும் அல்ல, எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

சந்துக்குள் நுழைந்ததும் அவர் நின்றுவிட்டார். இரண்டு கையையும் அகலமாக நீட்டினார். இந்தப் பக்கச் சுவரில் ஒரு உள்ளங்கை, அந்தப் பக்கச் சுவரில் ஒரு உள்ளங்கை. அப்படியே நின்றுகொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். தஞ்சா என்று மறுபடியும் சொன்னார். பிறகு ஒவ்வொரு சந்தையும் அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது. முட்டுச்சந்துக்குள் போய்த் திரும்பி வந்தார். வளைவுகளில் முன்னால் ஓடிப் போய், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். சாயம் தோய்த்த நூலை மூங்கிலில் காயப்போட்டிருந்த இடத்தில் நின்று, நூலிலிருந்து சொட்டிய நீலத்தை விரலில் எடுத்து என் மூக்கில் வைத்தார். தோல் கிடங்கு வந்தது. அந்த இடத்தைத் தாண்டும்போது நாங்கள் எல்லோருமே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அவர் வாசலில் நின்று கண்ணை மூடி நெஞ்சு நிறைய அந்த நாற்றத்தை இழுத்தார். கண்ணைத் திறந்தபோது அதில் தண்ணீர். எங்களுக்கு வயிற்றைப் புரட்டுகிற நாற்றம் ஒருவருக்கு வீட்டு நினைப்பைக் கொடுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து ஊதிவிடட்டுமா என்று சைகை காட்டினேன்.

நடந்துகொண்டே அவர் என்னிடம் என்னவோ கேட்டார். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று, தெரிந்த ஒரு சூராவை ஓதினேன். அவர் ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். நான் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த வரியை அவர் ஓதினார். அதற்கடுத்ததை நான் ஓதினேன். இப்படி மாறி மாறி ஓதிக்கொண்டே வந்தோம். நான் வெறும் கிளிப்பிள்ளை என்பது அவருக்கு முதல் இரண்டு நிமிஷத்திலேயே புரிந்திருக்கும். தெருவுக்குப் புரியவில்லை. வாசல்களில் நின்றவர்கள், தோல்காரர் பெண் அரபிக்காரரோடு சரளமாகப் பேசிக்கொண்டு போகிறாள் என்று உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ஊர்வலமே சேர்ந்துவிட்டது.

டீக்கடையில் அவரை உட்காரவைத்தார்கள். கிளாஸை வாங்கியவர், பக்கத்தில் காய்கறி விற்ற கிழவியின் கூடையிலிருந்து ஒரு கொத்துப் புதினாவை எடுத்து, நுனியைக் கிள்ளி டீக்குள் போட்டார். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நீளமாக எதையோ சொன்னார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “இன்னாம்மா சொல்றாரு?” என்று கேட்டார்.

என்னிடம் வந்த முதல் கேள்வி அது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. “உங்க டீ அவங்க ஊரு டீ மாதிரியே கீதாம்” என்றேன். டீக்கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அது ரொம்ப சுலபமாக இருந்தது. ஒரு மீன்காரப் பெண் குழந்தையை நீட்டினாள். அவர் குழம்பிப் போய் அதன் நெற்றியில் முத்தம் கொடுத்து ஏதோ சொன்னார். பையனுக்கு நூறு வயசு என்கிறார் என்றேன். ஒரு கிழவர் தன் முழங்காலைக் காட்டினார். ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொல்கிறார் என்றேன். கேட்டவர்களுக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை, அந்த மனிதருக்கும் நஷ்டம் இல்லை. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்படியே சுற்றி நாங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நான் டம்ளரோடு கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தெருவில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள். நடுவில் பாயில் தம்பி. பெண்கள் எல்லாம் திரைக்குப் பின்னால். அவன் மூச்சுச் சத்தம் வாசலுக்கே கேட்டது. நான் போகும்போது இருந்ததைவிட அது பெரிதாகியிருந்தது.

அவர் உள்ளே வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தார். சத்தத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். கட்டை விரலால் தம்பியின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார், குனிந்து மோந்தும் பார்த்தார். பிறகு சின்னத்தாவைப் பார்த்து வேகமாக, உரக்க, என்னவோ சொன்னார். சின்னத்தா கண்ணை மூடி இரண்டு கையையும் ஏந்தி ஆமீன் என்றார். கூடம் முழுவதும் ஆமீன் என்றது. அவர் திகைத்துப் போய் இன்னும் உரக்கச் சொன்னார். இன்னும் பலமாக ஆமீன். எங்களுக்கு அரபி என்றால் துஆ, பிரார்த்தனை. அரபியில் ஒருவர் கோபப்படுவார், கத்துவார், சீக்கிரம் கிளம்புங்கள் என்று கெஞ்சுவார் என்பதெல்லாம் எங்களில் யாருடைய புத்திக்கும் எட்டாத விஷயம்.

அவர் தம்பியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். வானத்தின் கீழ் வைத்து ஓதப் போகிறார் என்று சிலர் வழி விட்டார்கள். சின்னத்தா சிரித்துக்கொண்டே குறுக்கே நின்று, சாப்பிடாமல் போகக் கூடாது அஜ்ரத் என்று குழந்தையை மெதுவாக வாங்கிப் பாயில் விட்டார். அந்த மனிதர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என் முன்னால் வந்து மண்டியிட்டார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகப் பேசினார். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தரையிலிருந்து இரண்டு முழம் மேலே கையை வைத்து ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டினார். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்குவது மாதிரிக் காட்டினார். பிறகு அந்தக் கையைத் தரையில் வைத்து அழுத்தினார். வாசலைக் காட்டினார். மறுபடியும் தம்பியைக் காட்டி வாசலைக் காட்டினார்.

திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அவரு இன்னா சொல்றாரு? சரியா கேட்டு சொல்லு.” திரை கொஞ்சம் விலகியிருந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் துப்பட்டியை எடுத்து வைத்திருந்தாள்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வெளியே போகச் சொல்கிறார் என்பது அரைகுறையாக எனக்குப் பட்டது. தம்பியை எங்கேயோ தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் அங்கே போய்விடுவார்கள், என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போக ஆள் இருக்காது என்பதும் பட்டது. கூடத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் டீக்கடையிலிருந்து இதுவரைக்கும் சொன்னது எல்லாமே பொய் என்று ஆகிவிடும். ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னேன்: “பயப்பட வோணாமாம். அவரு புள்ளைக்கும் இதே மாதிரி வந்துச்சாம். தூங்கி எழுந்தா சரியாப் பூடுமாம்.”

கூடம் முழுக்க அல்ஹம்துலில்லாஹ் என்றது. சின்னத்தா என் தலையைத் தடவினார். அம்மா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துப்பட்டியை மடித்து வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

அவருக்கு முன்னால் நெய்ச்சோறு வைத்தார்கள். எல்லோரும் சந்தோஷமாகிவிட்டதைப் பார்த்தபோதே, நான் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சோற்றில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு அது இத்தனை வருஷம் நினைவு இருந்திருக்காது. சாப்பிடாமலே எழுந்துவிட்டார். பெரியவர்களுக்குப் பசி அடங்கியே இருக்கும் என்றார் சின்னத்தா.

கைரிக்‌ஷாவில் துறைமுகத்துக்குப் போனோம். நான் கப்பலைப் பார்த்தேன். பெரிதாகத்தான் இருந்தது. அதன் பக்கவாட்டில் துருப்பிடித்த தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஏறுகிற இடத்தில் அவர் சின்னத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரு தரம் எதையோ சொன்னார். சின்னத்தா கண் கலங்கி அந்தக் கையை முத்தமிட்டார். அவர் தழும்பு விழுந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். திரும்பிப் பார்ப்பார் என்று நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தோம். வீட்டில் பாய் மட்டும் கிடந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து சின்னத்தாவிடம் சொன்னாள்: “நீங்க போன கொஞ்ச நேரத்துல புள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. உங்க அண்ணி துப்பட்டிகூட போடாம தூக்கினு ஓடிச்சு. தலையில துணி இல்ல, காலுல செருப்பு இல்ல.”

ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விடவில்லை. மத்தியானமே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று யாரோ சின்னத்தாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தம்பி மறுநாள் காலையில் போய்விட்டான். அத்தா ஆம்பூரிலிருந்து வந்து இறங்கியபோது குழி வெட்ட ஆள் போயிருந்தது. ஏன் முன்னாலேயே கூட்டிப் போகவில்லை என்று அத்தா கேட்டதற்கு, சின்னத்தா அழுதுகொண்டே, சரியாகிவிடும் என்று அரபிக்காரர் சொன்னாரே, உங்கள் பெண்தானே கேட்டுச் சொன்னாள் என்றார். அத்தா என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த பெண்கள், அரபிக்காரர் கடைசியாக என்ன சொன்னார் என்று என்னை நடுவில் உட்காரவைத்துக் கேட்டார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பி சுவர்க்கத்துப் பறவை ஆகிவிடுவான் என்று சொன்னார் என்றேன். எல்லோரும் அழுதார்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்றால் அதுதான் அர்த்தம், நமக்குத்தான் விளங்கவில்லை என்று ஒரு பெண் சொன்னாள். அம்மா அழவில்லை. மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் வளர்ந்தேன், உள்ளே போனேன், கல்யாணம் ஆயிற்று. என் மகன் பள்ளிக்கூடத்து உலகப் படத்தை விரித்து வைத்துப் படிக்கும்போது மொராக்கோவின் கடலோரத்தில் டாஞ்சியர் என்று ஒரு துறைமுகத்தைக் காட்டினான். அந்த ஊர்க்காரர்கள் அதைத் தஞ்சா என்று சொல்வார்களாம். அங்கேயும் பழைய ஊர் முழுக்கச் சந்துதானாம், கை நீட்டினால் சுவர் தட்டுமாம். என் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போட்ட அன்றைக்கு அந்த நோயின் அடையாளங்களை நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கழுத்து வீக்கம், மூச்சுச் சத்தம், வாயில் ஒரு நாற்றம். குழந்தையின் உயரத்தைக் காட்டி, கன்னத்தைச் சாய்த்து, தரையை அழுத்திய அந்தக் கை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் பிள்ளை தூங்கி எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. அத்தாவும் சின்னத்தாவும் போய்விட்டார்கள். அம்மா என்னோடு இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். எந்த முகாந்தரமும் இல்லாமல் எனக்கு வாய் திறந்துகொண்டது. “அம்மா, அன்னிக்கு அந்த அரபிக்காரரு சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல. நானா சொன்னேன் எல்லாத்தியும்.”

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. “தெரியும்” என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“அப்பவே தெரியும். உனக்கு அரபி ஏது? நானும் உன்ன மாதிரி ஓதினவதானே. அவரு புள்ளைய தூக்கினு வாசலாண்ட போனப்பவே, ஆஸ்பத்திரிக்குன்னு எனக்கு வெளங்கிடுச்சு. போவலாம்னுதான் துப்பட்டிய எடுத்தேன். அத்தினி ஆம்பளைங்கள தாண்டிப் போவ தைரியம் வர்ல. நீ சரியாப் பூடும்னு சொன்ன. பொய்தான்னு தெரிஞ்சுது. இருந்தாலும் அது மெய்யா இருந்துடக் கூடாதான்னு கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டேன்.” ஒரு கட்டுக் கீரை முடிந்து இன்னொரு கட்டைப் பிரித்தாள். “உன் கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். உன் மேலயே பழி நிக்கட்டும்னு வுட்டுட்டேன். அதுக்குத்தான் எனக்குத் தூக்கம் வராது.”

அன்று திரை விலகியிருந்த இடத்தில் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை, என்னை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவள் என்னிடம் கேட்டது அவர் என்ன சொல்கிறார் என்பதை அல்ல. நான் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டி அவள் வெளியே போயிருப்பாள். பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை.